மேப்பிளுக்கு ஆஷ் வண்டு பிடிச்ச கதை

மேப்பிள் மரத்துக்கு ஆஷ் வண்டு பிடிக்கவே பிடிக்காது.

முதல் வரியிலயே விசயத்தைச் சொல்லிப்போட்டன். அவசரக்காரர் இதோட எழும்பிப் போகலாம். மிச்சப்பேர் இருங்கோ. நான் கொஞ்சம் சூடா இருக்கிறன், ஆரோடயாவது கதைக்க வேணும். இவரோட கதைச்சால் ஹொக்கி பாத்துக்கொண்டே "ம்ம்" எண்டுறார்.

எங்கட றோட்டு மூலைவீட்டில ஒரு மாமி இருக்கிறா. (ஸ்காபரோவில எந்த மூலைவீட்டிலதான் மாமி இல்லை!) அவவின்ர முன்வளவில நல்ல வடிவான மேப்பிள் மரம் ஒண்டு. போன கிழமை ஒருத்தன் கையில நோட்டீசோட வந்து கதவைத் தட்டியிருக்கிறான். மரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தானாம். அடிமரத்தில இருந்த ஓட்டையளைக் காட்டி, "எமரால்ட் ஆஷ் போரர் பிடிச்சிட்டுது, இந்த வருசத்துக்குள்ள வெட்டாட்டில் வீட்டுக்கு மேல விழும்" எண்டு சொல்லி, விலையும் எழுதிக் குடுத்திட்டுப் போயிட்டான். அவன் கேட்ட காசில ஊருக்குப் போய், நல்லூர்த் திருவிழா பாத்திட்டு, ஆறுதலாத் திரும்பி வரலாம்.

மாமி உடன எனக்கு ரெலிபோன்.

"பிள்ளை, மரத்துக்கு ஏதோ வண்டாம். வெட்டத்தான் வேணுமாம். ஒருக்கா வந்து பாரன்."

"மாமி, அது மேப்பிள் எல்லோ?"

"எனக்கென்னடி தெரியும்? வீடு வாங்கேக்க மரமும் சேத்துத் தந்தவை."

போய்ப் பாத்தன். ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே நிரையில, பக்கத்தில பக்கத்தில, மரத்தைச் சுத்தி ஒரு வரிசை. அதுக்கு மேல இன்னொரு வரிசை. வண்டுக்கு இந்த ஒழுங்கெல்லாம் தெரியாது. இது ஒரு மரங்கொத்தியின்ர வேலை. மரச்சாறு குடிக்கிறதுக்கெண்டே வரிசை வரிசையாத் துளை போடுற மரங்கொத்தி ஒண்டு இஞ்ச இருக்குது. மேப்பிள், பேர்ச், அப்பிள் எண்டால் அதுக்கு உயிர். அதால மரம் சாகிறது மிச்சம் குறைவு.

வந்தவனுக்கு இது தெரியாதோ, தெரிஞ்சும் சொல்லேல்லையோ, அது அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

இன்னொண்டையும் அவன் சொல்லேல்லை. ரொறன்ரோவில, தரையில இருந்து 1.4 மீற்றர் உயரத்தில அளக்கேக்க அடிமரத்தின்ர விட்டம் 30 சென்ரிமீற்றரோ கூடவோ இருந்தால், உங்கட சொந்த வளவு மரமெண்டாலும் சிற்றியின்ர அனுமதி இல்லாமல் கை வைக்க ஏலாது. செத்த மரத்துக்கும் சிற்றிக்கு முதல் அறிவிக்க வேணும். முன்வளவில றோட்டுப் பக்கமா நிக்கிற மரம் கனக்க வீடுகளில உங்கட மரமே இல்லை, சிற்றியின்ர மரம். 311க்கு அடிச்சுக் கேட்டால் சொல்லுவினம். வெட்டிப்போட்டுக் கேட்டால் சொல்லுறது வேற மாதிரி இருக்கும்.

சரி. மாமியின்ர மரம் தப்பிட்டுது. ஆனால் அவன் சொன்ன எமரால்ட் ஆஷ் போரர், அந்தப் பச்சை வண்டு, பொய் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தனான்.

2002 ஆம் ஆண்டு. டிற்றொயிற் பக்கம் ஆஷ் மரங்கள் வரிசையாச் சாகுது. ஏனெண்டு தேடினவைக்கு, வட அமெரிக்காவில அதுவரைக்கும் ஆரும் கண்டிராத ஒரு பச்சை வண்டு அம்பிட்டுது. அதே வருசம் ஆத்துக்கு இங்கால வின்ஸரிலயும் கண்டுபிடிச்சிட்டினம். அதின்ர சொந்த ஊர் சீனா, கொரியா, ரஷ்யாவின்ர கிழக்குப் பக்கம். அங்க ஆஷ் மரமும் வண்டும் கனகாலமாப் பழகினதால, நோஞ்சான் மரங்களைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும். இஞ்சத்தை ஆஷுக்கு இந்த வண்டைத் தெரியாது. எதிர்த்து நிக்கிற சக்தி இல்லை. வாட்டசாட்டமா நிக்கிற மரமும் ரெண்டு மூண்டு வருசத்தில இருந்து அஞ்சாறு வருசத்துக்குள்ள போயிடும்.

கப்பலில சாமான் வாற மரப்பெட்டி, பலகையளுக்குள்ள ஒளிச்சுத்தான் வந்திருக்கும் எண்டு சொல்லினம். 2002ல கண்டாலும், வந்தது 1990களிலயே. இத்தனை வருசமா ஒருத்தரும் காணேல்லை! அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கொஞ்சத்தால வாறன்.

அப்ப அரசாங்கம் சும்மா இருந்ததோ எண்டு கேப்பீங்கள். இருக்கேல்லை. வின்ஸருக்குக் கிழக்கால, ஈரி ஏரிக்கும் சென்ற் கிளயர் ஏரிக்கும் நடுவில, 10 கிலோமீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டை கீறிச்சினம். அந்தப் பட்டைக்குள்ள நிண்ட ஆஷ் மரம் எல்லாத்தையும், நல்லது கெட்டது பாக்காமல் வெட்டித் தள்ளிச்சினம். பத்தாயிரக் கணக்கான மரங்கள். சாப்பாடில்லாத இடத்தை வண்டு தாண்டாது எண்டு கணக்குப் போட்டவை.

தாண்டிட்டுது. (வெட்டிக்கொண்டு நிக்கேக்கயே வண்டு அங்கால போயிட்டுது எண்டு பேந்துதான் விளங்கினது.)

2007ல ரொறன்ரோவில கண்டுபிடிச்சினம். அந்த நேரம் இந்த நகரத்தில மட்டும் கிட்டத்தட்ட 860,000 ஆஷ் மரங்கள். இப்ப றூஜ் பார்க் பக்கம் நடக்கப் போனால், பட்டை கழண்டு வெள்ளையா நிக்கிற மொட்டை மரங்கள் தெரியும். கனக்க ஆஷ்தான்.

இவ்வளவு ஆஷை ஏன் ஒரே நகரத்தில நட்டவை? இது எனக்கு உண்மையா எரிச்சல் தாற கேள்வி. ஏனெண்டால் பதில் இன்னும் எரிச்சல். முந்தி ரொறன்ரோ றோட்டுகளில எல்ம் மரங்கள். ரெண்டு பக்கமும் கூடாரம் போட்டு நிக்கும், பழைய படங்களில பாக்கலாம். அந்த எல்முக்கு ஒரு பூஞ்சண நோய் வந்தது. அதைக் காவிக்கொண்டு மரத்துக்கு மரம் போனதும் பட்டைக்குள்ள இருக்கிற ஒரு சின்ன வண்டுதான். எல்ம் எல்லாம் செத்து விழுந்த பிறகு, "கெதியா வளரும், குளிரையும் உப்பையும் தாங்கும், நல்ல மரம்" எண்டு றோட்டு றோட்டா என்னத்தை நட்டவை? ஆஷ்! ஒரு மரத்தை வரிசையா நட்டு வாங்கிக் கட்டின ஊர், திருப்பியும் இன்னொரு மரத்தை வரிசையா நட்டது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொந்தக்காரரிட்ட சீட்டுக் கட்டி ஏமாந்து, அடுத்த வருசம் அதே ஆளிட்டச் சீட்டுக் கட்டினவர். அவர்தான் எனக்கு நினைவு வந்தார்.

இனி அடையாளம் பிடிக்கிற கதை.

கூகிளில வண்டின்ர படம் பாத்திட்டு ஓட்டை தேடி மரம் மரமாப் போறவையைப் பாத்திருக்கிறன். தலைகீழ் வேலை. முதல் வண்டைத் தேடாதேங்கோ. மரத்தைத் தேடுங்கோ. இந்த வண்டுக்கு வேண்டியது ஆஷ். உங்கட மரம் ஆஷ் இல்லையெண்டால் நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கலாம்.

ஆஷை எப்பிடிப் பிடிக்கிறது? ஒரு கொப்பை எடுத்துப் பாருங்கோ. சின்னக் கெட்டுகள் எதிரெதிரா வந்திருக்கும். ஒண்டு இடப்பக்கம் எண்டால் அதே இடத்தில வலப்பக்கமும் ஒண்டு. மாறி மாறி மேலயும் கீழயும் வந்தால் அது ஆஷ் இல்லை. கறுப்பு வால்நட் இதில கழிஞ்சிடும். பேந்து இலை. ஒரு காம்பில அஞ்சில இருந்து பதினொண்டு வரைக்கும் சிற்றிலை இருக்கும். முருங்கை இலையிலயும் வேப்பிலையிலயும் வளந்த ஆக்களுக்கு, ஒரு காம்பில கனக்கச் சிற்றிலை எண்ட கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதிர்ந்த மரமெண்டால் பட்டையில வைர வடிவத்தில வலைப்பின்னல் ஓடும்.

"அப்ப சரி, எதிர்க்கெட்டு, கூட்டிலை, ஆஷ்" எண்டு துள்ளிக் குதிக்காதேங்கோ. மனிற்றோபா மேப்பிள் எண்டொரு சண்டாளன் இருக்கிறான். பேர் மேப்பிள், இலை கூட்டிலை, கெட்டு எதிர்க்கெட்டு. வேலிக்கரை எல்லாம் தானா முளைக்கும். நான் மரம் பழகத் தொடங்கின காலத்தில என்னை நல்லாப் பேய்க்காட்டினது இதுதான். இதை விதையில பிடிக்கலாம். மனிற்றோபா மேப்பிள் விதை ரெண்டு ரெண்டாச் சோடி போட்டுத் தொங்கும். ஆஷ் விதை தனித்தனி, சின்னத் துடுப்பு வடிவம், குலையாத் தொங்கும். எல்லா ஆஷும் காய்க்காது, பெண் மரம்தான் காய்க்கும். அதால விதை இல்லையெண்டு ஆஷ் இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ.

இன்னொரு பேய்க்காட்டல்: மவுண்டின் ஆஷ். சிவப்புப் பழம் குலை குலையாத் தொங்குமே, குருவியள் குளிருக்கு வந்து கொத்துமே, அது. பேரில ஆஷ் இருக்கு, குடும்பம் வேற. பச்சை வண்டு அதைத் திரும்பியும் பாக்காது.

மரம் ஆஷ்தான் எண்டு தெரிஞ்சிட்டுதோ? இனிமேல்தான் கவலைப்பட வேணும். கீழ பாக்காதேங்கோ. மேல பாருங்கோ.

நான் கொஞ்சத்தால வாறன் எண்டு சொன்னது இதுதான். இந்த வண்டு தொடங்குறது மரத்தின்ர உச்சியில. எங்கட கண் மட்டத்தில ஓட்டை தெரியிற நேரம், மேல எல்லாம் முடிஞ்சிருக்கும். முதல் ரெண்டு மூண்டு வருசம் மரம் வெளியில ஒண்டும் காட்டாது. அதாலதான் டிற்றொயிற்றில இத்தனை வருசம் ஒருத்தருக்கும் தெரியேல்லை.

யூன் கடைசி, யூலை முதல் கிழமையில மரத்தில இருந்து தள்ளி நிண்டு அண்ணாந்து பாருங்கோ. மற்ற மரமெல்லாம் இலை மூடி நிக்க, ஆஷின்ர உச்சியில வானம் தெரியுதோ? அது முதல் அறிகுறி. (ஆஷ் எப்பவும் பிந்தித்தான் துளிர்க்கும். மே மாசம் பாத்திட்டு ஐயோ எண்டு கத்தாதேங்கோ.)

மாரியில மரங்கொத்தி. இது எனக்குப் பிடிச்ச அடையாளம். பட்டைக்குள்ள புழு இருக்கெண்டு மனிசருக்கு முதல் அதுக்குத் தெரியும். வெளிப்பட்டையை உரிச்சு உரிச்சுப் போட்டு, உள்ளுக்க இருக்கிற வெளிறின பட்டை திட்டுத் திட்டாத் தெரியும். மரத்துக்குக் கீழ வெண்பனியில பட்டைத் துண்டுகள் கொட்டிக் கிடக்கும். மாரியில ஆஷ் மரத்துக்குக் கீழ இந்தக் குப்பையைக் கண்டால் ஆர்பரிஸ்ற்றைக் கூப்பிடுங்கோ. நோட்டீசோட வாறவனை இல்லை, படிச்சுச் சான்றிதழ் வைச்சிருக்கிற ஆர்பரிஸ்ற்றை.

அடுத்தது, அடிமரத்திலயும் பெரிய கொப்புகளிலயும் திடீரெண்டு குருத்துக் குருத்தா முளைக்கிறது. பாக்க நல்லா இருக்கும். "மரம் செழிச்சு வருது" எண்டு என்ர மச்சாள் ஒருத்தி சந்தோசப்பட்டவ. உண்மையில அது மரத்தின்ர கடைசிப் பாடு. உச்சி காய்ஞ்சு போறதால, ஏலுமான இடத்திலயெல்லாம் இலை போட்டுப் பாக்குது.

இதுக்குப் பிறகுதான் அந்தப் பேர்போன ஓட்டை. 4 மில்லிமீற்றருக்கு மேல போகாது. வட்டம் இல்லை. ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் வளைவு, இங்கிலீஷ் 'டி' எழுத்து. வண்டின்ர முதுகு தட்டை, வயிறு உருண்டை, அதால அது வெளிய வாற ஓட்டையும் அந்த அச்சில. வட்ட ஓட்டை கண்டால் இது வேற ஆள். பட்டை கழண்ட இடத்தில பாத்தால் மரத்தில வளைஞ்சு வளைஞ்சு போற தடம் இருக்கும், உள்ளுக்கு மரத்தூளும் புழுவின்ர எச்சமும் அடைஞ்சிருக்கும். அந்தப் புழுதான் கொலைகாரன். வண்டு ஆஷ் இலையைக் கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான். பட்டைக்குக் கீழ சாப்பாடு ஓடுற படையைத் தின்னுறது புழு. தடங்கள் கூடக் கூட, மரத்தைச் சுத்தி ஒரு வளையமா அறுத்த கணக்கு. இலை செய்யிற சாப்பாடு வேருக்குப் போகாது.

வண்டைக் கண்டு பிடிக்கலாமோ எண்டு கேக்கிறவைக்கு: கஷ்டம். 8.5 தொடக்கம் 14 மில்லிமீற்றர் நீளம். மினுங்குற பச்சை. யூன், யூலையில நல்ல வெயிலுக்கு மேல உச்சியில பறக்கும். அதைவிட இஞ்ச பச்சையா மினுங்குற வேற வண்டுகளும் கனக்க இருக்குது, பாவம், அதுகள் அடி வாங்குதுகள். முந்தி மரங்களில பச்சை, ஊதா நிறத்தில முக்கோணப் பெட்டியள் தொங்கினது கண்டிருப்பீங்கள். அது, வண்டு வந்திட்டுதோ எண்டு பாக்கிறதுக்கு வைச்ச ஒட்டுப்பொறி. மரத்தைக் காப்பாத்துறதுக்கு இல்லை.

ஒட்டுப்பொறியை விட நல்ல வேவுகாரர் இருக்கினம். இது எனக்கு வாசிச்ச நேரம் சிரிப்பும் வந்தது, சந்தோசமும் வந்தது. இந்த நாட்டுக் குளவி ஒண்டு. மணல் தரையில வளை தோண்டும், பேஸ்போல் மைதானங்கள் அதுக்கு நல்ல விருப்பம். குஞ்சுகளுக்குச் சாப்பாடெண்டு இந்தப் பச்சை வண்டின்ர குடும்பத்து வண்டுகளைத்தான் பிடிச்சுக்கொண்டு வரும். ஆராய்ச்சிக்காரர் மைதானக் கரையில வலையோட குந்தியிருந்து, குளவி கொண்டு வாற வண்டைப் பறிச்சுப் பாப்பினம். பச்சை வண்டு இருந்தால் அந்த வட்டாரத்துக்கு வந்திட்டுது எண்டு அர்த்தம். குளவி மனிசரைக் குத்தாது. வேலை முடிச்சு வாற பிள்ளையின்ர பையைப் பறிச்சுச் சோதிக்கிற மாமியாரின்ர வேலை எண்டாலும், விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

கனடாவின்ர வனத்துறை விஞ்ஞானிகள் இன்னொரு முறையும் கண்டுபிடிச்சவை. மரத்தின்ர நடுப்பகுதியில இருந்து ரெண்டு கொப்பு வெட்டி, அடிப்பக்கம் 50 சென்ரிமீற்றருக்குப் பட்டையைச் சீவிப் பாக்கிறது. வெளியில அறிகுறி ஒண்டும் இல்லாத மரத்திலயும் புழுத்தடம் அம்பிடும். எங்கட வளவில நிக்கிற சின்ன ஆஷுக்கு ஒருக்கா ஆர்பரிஸ்ற்றைக் கொண்டு செய்விச்சனான். சுத்தமா இருந்தது. அதுக்குப் பிறகுதான் மருந்து போடுறதெண்டு முடிவெடுத்தனாங்கள்.

மருந்து. இந்த இடத்தில எங்கட ஆக்கள் நிமிந்து உக்காருங்கோ.

கனடாவில ஆஷ் மரத்துக்குக் குத்துற ஊசிகளில பேர்போன ஒண்டு, ட்ரீஅசின். அது என்னத்தில செய்தது எண்டு நினைக்கிறீங்கள்? வேப்பங்கொட்டையில! வேம்பில இருக்கிற அசாடிறக்டின்தான் அதின்ர உயிர். எங்கட வீட்டில அரிசிப் பானைக்குள்ள வேப்பிலை போட்டதுக்கு அம்மாவுக்கு ஒருத்தரும் காசு தரேல்லை. இஞ்ச அடிமரத்தின்ர விட்டத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில அளந்து, ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் காசு வாங்கினம். மரத்தின்ர அடியில சின்னத் துளைகள் போட்டு, மருந்துக் குப்பியைச் செருகி விடுவினம். மரம் தானா உறிஞ்சி உச்சி வரைக்கும் கொண்டு போகும். கோடையில, மரம் நல்லாத் தண்ணி இழுக்கிற நேரம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா திருப்பிக் குத்த வேணும். விட்டால் விட்டதுதான்.

வேம்பு எண்டதும் எங்கட அண்ணை ஒருத்தர் தமிழ்க்கடையில வேப்பெண்ணெய்ப் போத்தில் வாங்கி, பெயின்ற் பிறஷ்ஷால மரத்துக்குப் பூசினவர். ரெண்டு கோடை. ஏணி வைச்சு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மணம் தாங்கேலாமல் யன்னல் பூட்டிக்கொண்டு இருந்தவர். மரம் செத்துப்போச்சுது. புழு இருக்கிறது பட்டைக்கு உள்ளுக்க அண்ணை, நீங்கள் வெளியில பூசுறீங்கள். மருந்து மரத்தின்ர தண்ணியோட ஓட வேணும். அதுக்குத்தான் ஊசி.

எல்லா மரத்துக்கும் ஊசி போடலாமோ? இல்லை. உச்சியில மூண்டில ஒரு பங்கு இலை கொட்டினாப் பிறகு காசை வீணாக்காதேங்கோ எண்டுதான் தெரிஞ்சவை சொல்லினம். ஏனெண்டால் மருந்தை மேல கொண்டு போறதுக்கு மரத்துக்கு நாளங்கள் இருக்க வேணும். அது அறுந்திட்டுதெண்டால் மருந்து கீழயே நிக்கும். அந்த நிலைமையில மரத்தை வெட்டுறதுதான் சரி, அதுவும் கெதியா வெட்டுறது. செத்த ஆஷ் மற்ற மரங்களைப்போல கனகாலம் தாங்கி நிக்காது, சடசடவெண்டு உலர்ந்து நொறுங்கும். ஏறி வெட்டுறவைக்கு அது உயிராபத்து. கிறேன் கொண்டு வர வேணுமெண்டால் பில்லும் அந்த உயரத்துக்குப் போகும். "இன்னொரு வருசம் பாப்பம்" எண்டு இழுக்கிறது இந்த மரத்துக்குச் சரிவராது.

வெட்டின மரத்தை என்ன செய்யிறது? இனி சண்டைக்கு வாறன்.

யூலை மாசம் லோங் வீக்கெண்ட். வானுக்குள்ள கோழிக்கறி, புட்டு, கூடாரம், பட்மின்ரன், எல்லாத்துக்கும் மேல விறகு. "அங்க விறகு கட்டுக் கட்டா விக்கிறான், கொள்ளை விலை, இஞ்ச மாமா வீட்டில வெட்டின ஆஷ் சும்மா கிடக்கு, அள்ளிப் போடு." இந்தக் கதையை நான் எத்தினை வீட்டில கேட்டிருக்கிறன்! எங்கட வீட்டிலயும் நடக்கப் பாத்தது. இவர் விறகை ஏத்த, நான் இறக்க, பிள்ளையள் வானுக்குள்ள இருந்து சிரிக்க.

இந்த வண்டு தானாப் பறந்து போற தூரம் பெரிசா ஒண்டும் இல்லை. ஆனால் 2017ல வின்னிப்பெக்கில கண்டவை. 2018ல ஹலிஃபாக்ஸ். 2024ல வான்கூவர்! றொக்கி மலையைத் தாண்டி அது பறந்தே போனது? வெட்டின விறகுக்குள்ளயும் புழு சாகாமல் வளர்ந்து, அடுத்த கோடைக்கு வண்டா வெளிய வரும். மாமாவின்ர ஆஷை நீங்கள் அல்கொன்குவினில இறக்கி, பாதியை எரிச்சு, "அடுத்து வாறவை எரிக்கட்டும்" எண்டு மீதியை விட்டிட்டு வாறது தருமம் இல்லை. எரிக்கிற இடத்தில வாங்குங்கோ. இல்லாட்டில் சூளையில காய வைச்சு விக்கிற விறகு. வண்டு இருக்கெண்டு அரசாங்கம் எல்லை போட்ட இடத்தில இருந்து வெளிய விறகு கொண்டு போறது சட்டப்படியும் பிழை.

வட்ட ஓட்டை கண்டால் வேற ஆள் எண்டு சொன்னன் எல்லோ. அந்த வேற ஆள் இதைவிடப் பொல்லாதவராக இருக்கலாம். ஆசிய நீள்கொம்பு வண்டு. கறுப்பு, மினுக்கம், உடம்பில வெள்ளைப் புள்ளி, உடம்பை விட நீளமான கொம்புகள், அதில கறுப்பும் வெள்ளையுமா வளையம். பெரிசு, 2 தொடக்கம் 4 சென்ரிமீற்றர். ஓட்டை பத்துச்சதக் குத்தியை விடக் கொஞ்சம் சின்னன், நல்ல வட்டம். இவருக்கு ஆஷ்தான் வேணும் எண்டில்லை. மேப்பிள், பேர்ச், வில்லோ, பொப்லர், எல்லாம் தின்னுவார். கொடியில மேப்பிள் இலை வைச்சிருக்கிற நாட்டுக்கு இது சரியான பயம்.

2003ல ரொறன்ரோவும் வோனும் முட்டுற தொழிற்சாலைப் பக்கம் இவரைக் கண்டவை. அந்த முறை அரசாங்கம் தயங்கேல்லை. கிட்டத்தட்ட 30,000 மரம் வெட்டினவை. 2013ல "ஒழிச்சிட்டம்" எண்டு அறிவிச்சினம். அதே வருசம் மிஸிஸாகாவில விமான நிலையத்துக்குக் கிட்ட திருப்பியும்! பேந்தும் வெட்டி, பேந்தும் தேடி, 2020ல ரெண்டாந்தரம் ஒழிச்சிட்டம் எண்டு அறிவிச்சினம். பச்சை வண்டோட ஏலாமல் போனது இவரோட ஏன் ஏலுமாப் போச்சுது? இவர் சோம்பேறி, பிறந்த மரத்திலயே கனகாலம் குந்தியிருப்பார். அதோட வேளைக்கே கண்டுபிடிச்சது. ஆரோ கண்ட வண்டைக் கவனிச்சுச் சொன்னபடியால் வந்த வெற்றி இது.

இவரும் மரப்பெட்டிக்குள்ளதான் வந்தவர். அதாலதான் இப்ப நாடு விட்டு நாடு வாற சாமான் பலகையளைச் சூடாக்க வேணும் எண்டு சர்வதேச விதி. பலகையின்ர உள்நடு 56 பாகைக்குப் போய் அரை மணித்தியாலம் நிக்க வேணும், இல்லாட்டில் புகை மருந்து. செய்ததுக்கு அடையாளமாக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒண்டு குத்தியிருக்கும். தமிழ்க்கடைக்குப் பின்பக்கம் அடுக்கி வைச்சிருக்கிற பலகையைப் பாருங்கோ, தெரியும். நான் மரக்கறி வாங்கப் போனால் பின்பக்கமும் ஒருக்காப் போய் முத்திரை பாத்திட்டுத்தான் வருவன். என்ர மனுசனுக்கு வெக்கமாம்.

ஆசியா வண்டு, சீனா வண்டு எண்டு மற்றவையைச் சொல்லிக்கொண்டு இருக்கேலாது. எங்கட தென்னையைக் குடையிற காண்டாமிருக வண்டு 1909ல சமோவாத் தீவுக்குப் போய் அங்கத்தைத் தென்னையளை நாசமாக்கினது. எங்க இருந்து, எதோட போனது? இலங்கையில இருந்து, றப்பர் கண்டுகளோட. நாங்களும் அனுப்பியிருக்கிறம்.

கடைசியா, வெட்டின இடத்தில என்னத்தை நடுறது.

றோட்டுப் பக்கத்து முன்வளவெண்டால் சிற்றி சும்மா மரம் நட்டுத் தரும். அவையிட்ட ஒரு பட்டியல் இருக்கு. எங்கட ஆக்கள் என்ன கேப்பினம் தெரியுமோ? "பக்கத்து வீட்டில என்ன மரம்? அதையே தாங்கோ." மேப்பிள், மேப்பிள், மேப்பிள். நான் இப்பதானே அந்தப் புள்ளி வண்டைப் பற்றி இவ்வளவு நேரம் கதைச்சன்! பக்கத்து வீட்டில மேப்பிள் நிண்டால் நீங்கள் ஓக் கேளுங்கோ. ஓக் நிண்டால் ஹக்பெரி கேளுங்கோ. கென்ரக்கி கொஃபி மரம் எண்டொண்டு இருக்கு, இலை விரிச்சால் எங்கட ஊர் மரத்தின்ர சாயல், பெடியளுக்கு அதின்ர நெற்றும் விளையாடக் கிடைக்கும் (வாயில மட்டும் வைக்க விடாதேங்கோ, நஞ்சு). ஒரு றோட்டில ஏழெட்டு வகை நிண்டால், அடுத்த வண்டு வரேக்க ரெண்டு மூண்டுதான் போகும். வராது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ.

இனிமேல் எனக்கு மரப்படம் அனுப்புறவைக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டையை மட்டும் கிட்டப் பிடிச்சு அனுப்பாதேங்கோ. அதை வைச்சு என்னால ஒண்டும் சொல்லேலாது. முழு மரம் தெரிய ஒண்டு, இலையோட ஒரு கொப்பு, பட்டை, அதுக்குப் பிறகு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு பத்துச்சதக் குத்தியைப் பிடிச்சால் அளவும் விளங்கும். போன மாசம் ஒரு அண்ணை பதறியடிச்சு அனுப்பின படத்தை நான் இவருக்கும் காட்டி, ஆர்பரிஸ்ற்றுக்கும் அனுப்பி, கடைசியில பாத்தால் அது அவற்ற வீட்டு வேலிக்கம்பம். சற்றலைற் டிஷ் கழட்டின ஓட்டை.